இலவசக் கல்லும் தேடிச் சேர்க்கும் சான்றும்: கறுப்பினப் படைவீரர்களுக்கான அமெரிக்க அரசின் கல்லறைக்கல் சேவை

அமெரிக்கப் படையில் பணியாற்றி இறந்த ஒருவரின் கல்லறை அடையாளமில்லாமல் கிடந்தால், பெயர் பொறித்த கல் ஒன்றை அந்நாட்டு அரசே செய்து, வண்டிக் கூலியும் கொடுத்து அனுப்பிவைக்கிறது. முன்னாள் படைவீரர் நலத் துறையின் கீழுள்ள தேசிய இடுகாட்டு நிர்வாகம் இதை நடத்துகிறது. தனியார் இடுகாடுகளில் கல்லின்றிக் கிடந்த, 1861-65 உள்நாட்டுப் போரின் வடபுலப் படைவீரர்களுக்கும் கல் தரலாம் என்று 1879இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் இதன் வேர் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் வடபுலத் தரைப்படையில் மட்டும் சுமார் 1,79,000 கறுப்பினத்தவர் பணியாற்றினார்கள். அவர்களில் கல் இல்லாமலே கிடப்பவருக்கு இன்றைக்கும் இதே சேவையில் கல் வாங்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கல்லின் தரம், எழுத்தின் வெட்டு, பிழையிருந்தால் மாற்றித் தரும் முறை மூன்றிலும் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் கல்லில் என்ன எழுதலாம் என்பதைக் காகிதம்தான் தீர்மானிக்கிறது. கறுப்பினப் படைவீரர்களுக்கு அந்தக் காகிதத்தை எழுதியவர்கள் பெயரைத் தப்பாகக் காதில் வாங்கினார்கள், காயத்தைக் குறிக்காமல் விட்டார்கள், சில நேரம் நற்பெயரையே பறித்தார்கள். ஆகவே படிவத்தைக் கையில் எடுப்பதற்கு முன் சான்று சேர்ப்பதற்குத்தான் அதிக நாட்களை ஒதுக்க வேண்டும்.

முதலில் கல். நிமிர்ந்து நிற்கும் பளிங்கு நடுகல் 42 அங்குல நீளம், 13 அங்குல அகலம், 4 அங்குலக் கனம். எடை சுமார் 230 பவுண்டு. தரையோடு படுக்கவைக்கும் கல் 24க்கு 12 அங்குலம், 4 அங்குலக் கனம், சுமார் 130 பவுண்டு. கிரானைட்டிலோ பளிங்கிலோ வரும். அதே நீள அகலத்தில் வெண்கலத் தகடும் உண்டு. எதைக் கேட்கலாம் என்பது நம் விருப்பத்தைவிட இடுகாட்டின் விதியைப் பொறுத்தது. புல்வெட்டும் இயந்திரம் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று படுக்கைக் கல்லை மட்டுமே அனுமதிக்கும் இடங்கள் உண்டு. இதை விசாரிக்காமல் நடுகல் கேட்டு எழுதினால், வந்து இறங்கிய கல்லை நட இடமிருக்காது.

உள்நாட்டுப் போர் வீரர்களுக்கும் 1898 ஸ்பானிய-அமெரிக்கப் போர் வீரர்களுக்கும் பழைய பாணிக் கல் தனியாக உண்டு. தலைப்பகுதி வளைந்திருக்கும். முகத்தில் கேடய வடிவில் ஒரு குழிவு. எழுத்துகள் அந்தக் குழிவுக்குள் புடைத்து நிற்கும். தானாக இந்தப் பாணியில் வராது. படிவத்தில் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே இதே பாணிக் கற்கள் நிற்கின்றன என்றால் அவசியம் கேளுங்கள். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டின் 27ஆம் பகுதியில் கறுப்பினப் படைவீரர்களின் கற்களில் பெயரோடு 'யு.எஸ்.சி.டி.' என்ற எழுத்துகள் தெரியும். 'ஐக்கிய அமெரிக்கக் கறுப்பினப் படைகள்' என்பதன் சுருக்கம் அது. ஆர்லிங்டனில் 1948 வரை இறந்தவர்களையும் நிறம் பார்த்துப் பிரித்தே புதைத்தார்கள் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால், ஒரு கல் எந்த வரிசையில் நிற்கிறது என்பதும் ஒரு தகவல் என்று புரியும்.

யார் கேட்கலாம் என்பதில் விதி நியாயமானது. இறந்தவரின் பணிக்காலம் 1917 ஏப்ரல் 6க்கு முன்பே முடிந்திருந்தால் யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். வாரிசே அறியப்படாத உள்நாட்டுப் போர் வீரருக்காக ஒரு தேவாலயமோ உள்ளூர் வரலாற்றுக் குழுவோ முன்வர முடிவது இதனால்தான். அதற்குப் பிந்தையவர்களுக்குக் குடும்பத்தார், சட்டப் பிரதிநிதி, படைவீரர் சங்கப் பிரதிநிதி, இடுகாட்டு ஊழியர் போன்றவர்கள் விண்ணப்பிக்க வேண்டும்.

எந்தக் கல்லறைக்குக் கிடைக்கும் என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1990 நவம்பர் 1க்கு முன் இறந்தவர் என்றால், தனியார் இடுகாட்டில் அவர் கல்லறை இப்போது அடையாளமற்றதாக இருந்தால்தான் அரசுக் கல். அன்றைக்கோ அதற்குப் பிறகோ இறந்தவர் என்றால், குடும்பம் ஏற்கெனவே கல் வைத்திருந்தாலும் இன்னொன்று கேட்கலாம். இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி 1985இல் இறந்தவருக்குக் குடும்பம் சிறு கல் ஒன்று வைத்திருக்கிறது என்று வையுங்கள். அவருக்கு அரசுக் கல் வராது. ஆனால் இருக்கும் கல்லிலேயே பதிக்க வெண்கலப் பதக்கம் கிடைக்கும். அதற்குப் படிவம் 40-1330எம். மூன்று அளவுகளில் வருகிறது. இந்தப் பதக்கம் 1917 ஏப்ரல் 6 முதல் பணியாற்றியவர்களுக்குத்தான். விளைவு என்ன? 1905இல் இறந்த உள்நாட்டுப் போர் வீரருக்கு, படைப்பணி பற்றி ஒரு சொல்கூட இல்லாத குடும்பக் கல் இருந்தால் அரசுக் கல்லும் இல்லை, பதக்கமும் இல்லை. அடிமைத்தளையிலிருந்து வந்து போரிட்டவரின் பிள்ளைகள் கூலிக் காசைச் சேர்த்து வைத்த ஒரு சின்னக் கல்லே அவருக்குத் தடையாகிவிடுகிறது. இந்தச் சேவையில் உடனே திருத்த வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் கருத்து.

இனி காகிதம். 1917க்கு முந்தைய பணி என்றால் ஆட்பட்டியல், பணிப்பதிவு, ஓய்வூதிய ஆவணம் போன்ற விவரமான சான்றைத் துறை எதிர்பார்க்கிறது. தேசியப் பூங்காச் சேவையின் உள்நாட்டுப் போர் வீரர்கள், கடற்படையினர் தரவுத்தளத்தில் தொடங்குவது நல்லது, இலவசம். அங்கே கிடைப்பது பெயர், படைப்பிரிவு, பதவி போன்ற அடிப்படை விவரங்கள் மட்டும்தான். அந்தப் படைப்பிரிவு எண்ணை வைத்துக்கொண்டு தேசிய ஆவணக் காப்பகத்தின் தொகுத்த பணிப்பதிவுக்குப் போக வேண்டும். என்ஏடிஎஃப் 86 என்ற படிவத்தில் கேட்டால் ஒரு கோப்புக்கு 30 டாலர். யு.எஸ்.சி.டி. பணிப்பதிவுகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்யப்பட்டு இணையத்தில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் அங்கே பாருங்கள்.

படைப்பிரிவின் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. போர்த்துறை 1863 மே 22 அன்று கறுப்பினப் படைகளுக்கான பிரிவை நிறுவிய பிறகு, மாநிலப் பெயரில் இருந்த பல பிரிவுகளுக்குப் புது எண் வந்தது. தென் கரோலினா முதல் தன்னார்வப் படை 33ஆம் யு.எஸ்.சி.டி. ஆனது. லூயிசியானா முதல் நேட்டிவ் கார்ட்ஸ் 73 ஆனது. கான்சாஸ் முதல் கறுப்பினப் படை புதிய 79 ஆனது. ஆனால் மாசசூசெட்ஸ் 54, 55 ஆகிய காலாட்படைகள், மாசசூசெட்ஸ் 5ஆம் குதிரைப்படை, கனெடிகட் 29 ஆகியவை கடைசிவரை மாநிலப் பெயரிலேயே இருந்தன. ஆகவே பழைய பெயர், புதுப் பெயர் இரண்டிலும் தேடுங்கள். மாசசூசெட்ஸ் 54ஐச் சேர்ந்தவருக்கு 'யு.எஸ்.சி.டி.' என்று பொறிக்கக் கேட்பது தவறு. அவர் பிரிவுக்கு அந்தப் பெயர் இருந்ததே இல்லை.

பணிப்பதிவு என்பது ஓர் உறைக்குள் அட்டைகளின் கட்டு. சேர்ந்த நாள், ஊர், வயது, உயரம், பிறந்த இடம், தொழில் என்று விவரிப்பு அட்டை சொல்லும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஓர் அட்டை: ஆஜரா, இல்லையா, மருத்துவமனையா. சில அட்டைகளில் '1861 ஏப்ரல் 19 அன்றோ அதற்கு முன்போ சுதந்திர மனிதர்' என்ற குறிப்பு வரும். அதை அவர் விடுதலை பெற்ற நாள் என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது சம்பளக் கணக்கு. வெள்ளையருக்கு மாதம் 13 டாலர் கொடுத்தபோது கறுப்பினத்தவருக்கு 10 டாலர். அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். 1864 ஜூனில் காங்கிரஸ் சமச் சம்பளம் வழங்கியபோது, போர் தொடங்கிய வேளையில் சுதந்திரமாக இருந்தவர்களுக்கு முன்தேதியிட்ட பாக்கியும் கிடைத்தது. அந்தப் பாக்கிக்காக எழுதிய வரி அது. கல்லில் ஏற்றக்கூடிய தகவலில்லை.

அடிமைமுறை இருந்தும் வடபுலத்தோடு நின்ற மேரிலாந்து, மிசௌரி போன்ற எல்லை மாநிலங்களில் சேர்ந்தவரின் உறைக்குள் வேறொரு காகிதமும் கிடைக்கலாம். வடபுல அரசுக்கு விசுவாசமான அடிமை உடைமையாளர், தன் 'சொத்து' படையில் சேர்ந்துவிட்டதற்காக 300 டாலர் வரை இழப்பீடு கேட்டுக் கொடுத்த மனு அது. உடைமையை நிரூபிக்க வேண்டும் என்பதற்காக, அந்த இளைஞனின் தாய் யார், எந்தப் பண்ணையில் பிறந்தான், யாரிடமிருந்து யாருக்குப் போனான் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். அந்த மனிதரின் பிறப்பைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத வரி, அவரை விலைபேசியவரின் கையெழுத்தில் கிடைக்கிறது. படிக்க மனம் கனக்கும். ஆனாலும் பக்கம் விடாமல் படியெடுத்து வையுங்கள்.

பெயர்ச் சிக்கலுக்கு மருந்து ஓய்வூதியக் கோப்பு. உடைமையாளரின் குடும்பப் பெயரில் படையில் சேர்ந்து, போருக்குப் பின் தந்தையின் பெயரையோ தானே தேர்ந்த பெயரையோ வைத்துக்கொண்டவர்கள் ஏராளம். படைப் பதிவில் ஒரு பெயர், இடுகாட்டுப் பதிவில் வேறு பெயர் என்றால் இருவரும் ஒருவரே என்று காட்ட வேண்டும். அதை ஓய்வூதிய அலுவலகத்தின் விசாரணை அதிகாரிகள் அன்றே செய்திருக்கிறார்கள்: எந்தப் பெயரில் சேர்ந்தாய், ஏன் மாற்றினாய் என்று கேட்டு, உடன் பணியாற்றியவர்களிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். அடிமைகளின் திருமணத்துக்குப் பதிவு இல்லை என்பதால், சாட்சிகளின் சொல்லை வைத்து விதவைகள் உரிமை கோர 1864ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. அந்தச் சாட்சியங்களும் கோப்பில் இருக்கும். தேடுவதற்கு இரண்டு அட்டவணைகள் உண்டு. டி288 பெயர் வரிசை. டி289 படைப்பிரிவு, கம்பெனி (படைப்பிரிவின் உட்பிரிவு) வரிசை. பெயர் மாறியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் டி289இல் அந்தக் கம்பெனியின் அட்டைகள் முழுவதையும் பாருங்கள். பல அட்டைகளில் மாற்றுப் பெயரும் எழுதியிருக்கும். முழுக் கோப்பின் படி என்ஏடிஎஃப் 85இல் 80 டாலர், 100 பக்கம் வரை. அதற்கு மேல் பக்கத்துக்கு 70 சென்ட். 30 டாலரில் தேர்ந்தெடுத்த சில தாள்கள் மட்டும் தரும் வகையும் உண்டு. வாக்குமூலங்கள் அதில் விடுபட்டுப் போகலாம் என்பதால், பெயர்ச் சிக்கல் உள்ளவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

கடற்படைக்கு இப்படித் தொகுத்த பணிப்பதிவே கிடையாது. கப்பல் ஆட்பட்டியல்களையும் ஆட்சேர்ப்புப் பதிவுகளையும்தான் நாட வேண்டும். வாஷிங்டனில் யு தெருவும் வெர்மான்ட் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில், 1998இல் திறந்த ஆப்பிரிக்க-அமெரிக்க உள்நாட்டுப் போர் நினைவகச் சுவரில் 2,09,145 பெயர்கள் இருக்கின்றன. அங்கே பெயரைக் கண்டுபிடிப்பது குடும்பத்துக்குப் பெரிய நிறைவு. சான்றுக்கோ மூலப் பதிவின் படிதான் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் சிக்கல் வேறு. செயின்ட் லூயிஸ் தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று பிடித்த தீயில், 1912 நவம்பர் 1 முதல் 1960 ஜனவரி 1 வரை விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தது. இரு உலகப் போர்களின் கறுப்பினத் தரைப்படையினர் கிட்டத்தட்ட எல்லோரும் இந்தக் காலத்துக்குள் வருகிறார்கள். கோப்பு எரிந்துவிட்டது என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். என்ஏ 13055 படிவத்தில் படைப்பிரிவு, சேர்ந்த ஊர், விடுவித்த இடம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்தால் கடைசிச் சம்பளச் சீட்டு, கம்பெனியின் அன்றாட அறிக்கை போன்றவற்றிலிருந்து பணியை மீட்டெடுத்து என்ஏ 13038 என்ற சான்று தருவார்கள். படையிலிருந்து விடுவித்தபோது தந்த பணிவிடுப்புச் சான்றைக் கவுன்டி (மாவட்ட) நீதிமன்றத்தில் பதிந்து வைத்தவர்கள் உண்டு, அங்கேயும் கேளுங்கள். முதல் உலகப் போருக்கு மாநிலப் பணி அட்டைகள் இருக்கின்றன. கடற்படை, மரீன் கோப்புகள் தீயில் சிக்கவில்லை. 1942 முதல் 1949 வரை மான்ட்ஃபோர்ட் பாயின்ட்டில் பயிற்சி பெற்ற சுமார் 20,000 கறுப்பின மரீன்களின் குடும்பங்களுக்கு இது நல்ல செய்தி.

படைக் கோப்பின் படியைக் கேட்கும் எஸ்எஃப்-180 படிவத்தில் அடுத்த உறவு என்ற இடத்தில் பேரப்பிள்ளைகள் வர மாட்டார்கள். மறுமணம் செய்யாத துணை, பெற்றோர், மகன், மகள், உடன்பிறந்தோர் மட்டும்தான். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். பணியிலிருந்து விலகி 62 ஆண்டு ஆன கோப்புகள் எல்லோருக்கும் திறந்தவை. ஐந்து பக்கம் வரை 25 டாலர், அதற்கு மேல் 70 டாலர்.

காகிதம் சொல்வதே முழு உண்மை என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு ஹென்றி ஜான்சனே சாட்சி. நியூயார்க்கின் 369ஆம் காலாட்படையைச் சேர்ந்த அவர், 1918 மே மாதம் பிரான்சில் ஓர் இரவுத் தாக்குதலை எதிர்த்து நின்று 21 காயம் பட்டார். பணிவிடுப்புச் சான்றில் காயத்தைப் பற்றிக் குறிப்பே இல்லை. 1929இல் இறந்தார். ஏழைகளின் பொதுக் குழியில் புதைத்துவிட்டார்கள் என்றே பல்லாண்டுகள் குடும்பம் எண்ணியிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் 'வில்லியம் ஹென்றி ஜான்சன்' என்ற பெயரில் அவர் ஆர்லிங்டனில் இருப்பது தெரியவந்தது. அமெரிக்கப் படையின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் 2015இல் வந்தது. முதல் பெயர், நடுப் பெயர், அழைக்கும் பெயர் மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

பணிவிடுப்பின் தன்மையும் முக்கியம். அவமதிப்போடு விலக்கப்பட்டவருக்குக் கல் இல்லை. இரண்டாம் உலகப் போரில் நீலக் காகிதத்தில் அச்சிட்ட ஒரு விடுப்பு இருந்தது. கௌரவமானதும் இல்லை, அவமதிப்பானதும் இல்லை. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை கொடுத்த 48,603 நீல விடுப்புகளில் 10,806 கறுப்பினத்தவருக்குப் போயின. தரைப்படையில் அவர்கள் பங்கு 6.5 சதவீதம்தான், நீல விடுப்பிலோ 22.2 சதவீதம். அப்படி ஒரு தாள் வீட்டில் இருந்தால், கல்லுக்கு எழுதும் முன் டிடி 149 படிவத்தில் படைப் பதிவுத் திருத்த வாரியத்தை நாடுவது நல்லது; இறந்தவர் சார்பில் குடும்பமும் கேட்கலாம். திருத்தம் நடக்கும் என்பதற்கு ஹூஸ்டன் உதாரணம் இருக்கிறது. 1917இல் டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் கலகம் செய்ததாகத் தண்டிக்கப்பட்ட, கறுப்பினத்தவரின் 24ஆம் காலாட்படையைச் சேர்ந்த 110 வீரர்களின் தீர்ப்புகளை 2023 நவம்பரில் தரைப்படை ரத்து செய்தது. அவர்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டவர்கள். ஃபோர்ட் சாம் ஹூஸ்டன் தேசிய இடுகாட்டில் இருக்கும் 17 பேரின் பழைய கற்களில் பெயரும் இறந்த நாளும் மட்டுமே இருந்தன. 2024 பிப்ரவரியில் நட்ட புதிய கற்களில் பதவி, படைப்பிரிவு, மாநிலம் எல்லாம் இருக்கின்றன. பல பத்தாண்டுகள் பெயரும் இறந்த நாளும் மட்டும் தாங்கி நின்ற கல்லுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், ஒரு வரி பொறிப்புக்காக ஏன் இத்தனை காகிதம் புரட்டுகிறோம் என்று கேட்கத் தோன்றாது.

கல்லுக்கு விண்ணப்பிக்கும் படிவம் 40-1330 எளிது. பெயர், படையின் வகை (தரைப்படை, கடற்படை போன்றது), பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு கட்டாயம். பதவி, விருது, போரின் பெயர், மதச் சின்னம் விருப்பம். ஆவணங்களின் நகலை மட்டும் அனுப்புங்கள்; அசல் திரும்பி வராது. கல்லைப் பெற்றுக்கொள்பவரின் கையெழுத்தும் இடுகாட்டுப் பொறுப்பாளரின் கையெழுத்தும் வேண்டும். கைவிடப்பட்ட பழைய கறுப்பின இடுகாடுகளில் பொறுப்பாளர் யார் என்பதே தெரியாமல் விண்ணப்பம் நின்றுபோவதுண்டு. நில உரிமையைக் கவுன்டி அலுவலகத்தில் முன்கூட்டியே பார்த்துவையுங்கள். இன்னொன்று: 1879 முதல் ஏறத்தாழ 1903 வரை கொடுத்த கற்களின் அட்டைகள் காப்பகத்தில் உண்டு. அதில் பெயர் இருந்தால், பழைய கல் மண்ணுக்குள் சாய்ந்து கிடக்கலாம். இடுகாட்டின் அனுமதியோடு மெல்லிய கம்பியால் ஓரடி ஆழம் குத்திப் பாருங்கள்.

கல்லும் வண்டிக் கூலியும் இலவசம் என்றாலும் தனியார் இடுகாட்டில் நடும் செலவு நம்முடையது. அஞ்சல் பெட்டி முகவரிக்குக் கல் வராது. வேலை நேரத்தில் சரக்கு வண்டி வந்து இறக்கும் இடமும் தொலைபேசி எண்ணும் கொடுக்க வேண்டும். கல் இறங்கியதும் நடுவதற்கு முன்பே எழுத்தைச் சான்றோடு ஒப்பிடுங்கள். பிழையோ உடைசலோ இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். நடும்போது 24 முதல் 26 அங்குலம் மேலே தெரிய வேண்டும், மீதி மண்ணுக்குள். சிமென்ட் கலவையில் நிறுத்த வேண்டாம்: மண் இறங்கும்போது கல் அசைய இடமில்லாமல் கழுத்தில் விரிசல் விடும், பிறகு நிமிர்த்தவும் முடியாது. மண்ணைச் சிறிது சிறிதாகப் போட்டு இடித்து இறுக்கினால் போதும்.

புதுக் கல்லை நட்ட கையோடு பக்கத்துப் பழைய கற்களையும் கழுவ ஆசை வரும். பிளீச்சும் கம்பி பிரஷும் கூடவே கூடாது. பிளீச்சின் உப்பு பளிங்குக்குள் தங்கி, காய்ந்து படிகமாகி, மேற்பரப்பை மாவாக உதிர்க்கும். அழுத்த நீர்ப் பீச்சியும் எழுத்தின் விளிம்பைத் தின்றுவிடும். முதலில் கல்லை நன்றாக நனையுங்கள். டி/2 என்ற பாசிநீக்கியைத் தெளித்து 10 முதல் 15 நிமிடம் விட்டு, மென்மையான நைலான் பிரஷால் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். மேலிருந்து தேய்த்தால் அழுக்கு நீர் வழிந்து கீழே கோடாகப் படியும். பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றி அலசுங்கள். கேடயக் குழிவுக்குள் பாசி கரைந்து கம்பெனியின் எழுத்தும் படைப்பிரிவின் எண்ணும் தெரிந்தால், அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் அழிந்துபோயிருந்தாலும் டி289 அட்டவணையைத் திறக்க அந்த இரண்டும் போதும்.